பாஸ்போட்டில் ஒட்டிய துண்டு

செவ்வாய்க்கிழமை, இரவு

மகளுக்குக் குவைத்தில் இந்த மாதம் பிள்ளைப்பேறு. துணைக்குப் போவதற்காக, துறைமுகத்துக்குப் போகும் வழியிலுள்ள டிராவல்ஸில் இன்று என் பாஸ்போட்டைக் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டிய முகவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார்.

"அம்மா, இது இஸ்ரேல் துண்டெல்லோ? ஏன் இதை ஒட்டினீங்கள்?"

போன வருடம் பங்குக் கோயிலிலிருந்து யாத்திரை போனபோது, அங்கே விமான நிலையத்தில் பாஸ்போட்டில் முத்திரை குத்தாமல் அந்த நுழைவுத் துண்டைத் தனியாகத்தான் தந்தார்கள். ஆண்டவர் நடந்த மண்ணின் அடையாளம் தொலையக் கூடாதென்று பசை பூசி ஒட்டியது நான்தான்.

"அங்க போன அடையாளம் இருந்தால் குவைத்துக்குள்ள விடமாட்டினம். உரிக்கவும் ஏலாது, பக்கம் கிழியும்; கிழிஞ்சால் பாஸ்போட் செல்லாது. புதுசுதான் எடுக்கோணும்."

புதுசு வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணி வைத்து உரித்தேன். துண்டு முழுசாக வந்தது. பக்கம்தான் கிழிந்துபோனது.

துண்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். முதலிலேயே அங்கே வைத்திருக்கலாம்.

சற்று முன் மகள் அழைத்தாள். "வருவீங்கள்தானே அம்மா? எனக்கு இங்க ஒருத்தரும் இல்லை."

கிழிந்த பக்கம் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஓம் பிள்ளை" என்றேன்.