ஐந்தாவது பொத்தான்

அக்கா,

இன்று காலை என் மகளின் வாயிலிருந்து உங்களைத்தான் தோண்டி எடுத்தேன்.

பதினொரு மாதம் ஆகிறது அவளுக்கு. தவழ்ந்து போய் அலமாரிக்குக் கீழே கிடந்த என் பழைய துணிப்பையைக் கவிழ்த்திருக்கிறாள். வாயை இறுக மூடிக்கொண்டு அவள் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விரலை விட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவி, வழுக்கி வழுக்கி ஒரு வழியாக வெளியே எடுத்தேன். வெள்ளைப் பொத்தான். நாலு ஓட்டை. அவள் உடனே சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

நீங்கள் இறந்துபோனபோது இவள் பிறந்து பத்து நாள். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்குக் கீழே படுக்க வைத்திருந்தார்கள். அங்கிருந்து செக்காலையில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம்தான். வர முடியவில்லை. பிறகு, வராமல் போனோமே என்ற வெட்கத்தில் வரவில்லை. இந்த மடலும் அப்படித்தான் தள்ளித் தள்ளிப் போயிற்று.

குடியால் நொந்த குடும்பங்களுக்குத் துணை நிற்கிற அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் நிதி கொடுக்கிற குழு நம்முடையது. வந்த விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட வேண்டும். சமூகப்பணி படித்தவள் என்று என்னைச் சேர்த்தார்கள். குடித்தே போய்ச் சேர்ந்த ஒரு தச்சருடன் பதினெட்டு வருஷம் வாழ்ந்தவர் என்று உங்களைச் சேர்த்தார்கள். முதல் நாள் தலைவர் உங்களைப் "பாதிக்கப்பட்டவர்" என்று அறிமுகம் செய்தார். "பாதிக்கப்பட்டதெல்லாம் அப்ப சார். இப்ப மெம்பரு" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது.

பள்ளிச் சீருடை தைத்துப் பிள்ளைகளை வளர்த்த உங்கள் கண்களைச் சர்க்கரை எடுத்துக்கொண்டிருந்தது. அதனால் உங்களுக்காக நான் சத்தமாக வாசிப்பேன். மாத்திரை டப்பா நிறையச் சட்டைப் பொத்தான்கள் கொண்டுவருவீர்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. டக், டக் என்று மேஜையில் வைப்பீர்கள். நான் எண்ணி எழுதிக்கொள்வேன்.

"என்னம்மா, தாயம் வெளாடுறீகளா?" என்பார் தலைவர்.

"ஆமா சார். வெட்டு விழுந்தா நீங்க எந்திரிச்சுப் போயிரணும்."

பன்னிரண்டு கேள்விகளில் ஏழாவது, குடும்பத்தாருக்கு என்ன செய்வீர்கள் என்பது. அது வரும்போது மட்டும் நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருவீர்கள். "மத்ததெல்லாம் குடிக்கிறவுகளுக்கு. கட்டில் எத்தனை, டாக்டர் என்னைக்கு வருவாக, அது இது. ஏழுதான் நமக்கு." ஒரு விண்ணப்பத்தில் 'குடும்பத்தினருக்கு அறிவுரை வழங்கப்படும்' என்று ஒரே வரி. "குடிச்சது அவுக, அறிவுரை எங்களுக்கா?" என்று கேட்டு ஒற்றைப் பொத்தானை வைத்தீர்கள். "இதுவும் அவுக தாளு செலவுக்கு."

அந்த நாளைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆறாவதாக எடுத்த விண்ணப்பத்தின் மேலே இருந்த பெயர் எனக்குத் தெரிந்த பெயர். திருப்பத்தூர் தாண்டி இருக்கிற மறுவாழ்வு மையம். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவை அங்கேதான் சேர்த்திருந்தோம். ஒரு நாள் அம்மாவும் நானும் தூக்குச்சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனோம். காலையிலிருந்து மூன்று மணி வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம். கடைசியில் ஓர் ஆள் வந்தார். "பொம்பள ஒழுங்கா இருந்தா ஆம்பள ஏன் குடிக்கிறான்?" என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தினார். ஒரு மாதத்தில் அப்பா வீடு வந்தார். வந்த ஒரு வாரத்தில் மறுபடி கடைக்குப் போனார். நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்தார். அம்மா அந்த நாளைப் பற்றி வாயே திறந்ததில்லை.

விண்ணப்பித்தவர்களோடு உறவோ பகையோ இருந்தால் நோட்டில் எழுதிவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்பது நம் குழுவின் விதி. அன்று காலை 'தொடர்பு இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். பெயரைப் பார்த்த பிறகும் நோட்டைத் தொடவில்லை. வாசிக்கத் தொடங்கினேன். ஆறாவது கேள்வி முடிந்தது. ஏழாவது பதில் கண்ணில் பட்டது. 'முன்பு எங்கள் மையத்தில் குடும்பத்தாரைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தோம். அது தவறு' என்று தொடங்கியிருந்தது. நிர்வாகம் மாறியிருந்தது போலும். குடும்பங்களுக்கு ஓர் அறை, அவர்கள் பேச்சைக் கேட்க ஒரு பெண், பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். அந்த வருஷம் வந்த விண்ணப்பங்களிலேயே நல்ல பதில் அதுதான்.

நான் எட்டாவதை வாசித்தேன்.

ஏழு இல்லையென்றால் நீங்கள் பொத்தான் வைக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வைக்காவிட்டால் மற்றவர்களும் தர மாட்டார்கள். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வேறு இடம் இல்லை என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன், அக்கா. இரண்டு வரியில் 'அது தவறு' என்று எழுதிவிட்டால் என் அம்மா நின்ற வெயில் ஆறிவிடுமா என்று நெஞ்சு கொதித்தது.

"ஏத்தா" என்றீர்கள். "ஆறு முடிஞ்சு எட்டுக்குப் போயிட்டியே. ஏழு எங்குட்டுப் போச்சு?"

"அதுக்கு ஒண்ணும் எழுதலைக்கா."

"ஒண்ணும் எழுதாதவுகளும் 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை போடுவாகளே. ஒன் கொரலு ஏன் இப்படி இருக்கு?"

நான் தாளைப் புரட்டினேன். நீங்கள் தலைவர் பக்கம் திரும்பி, "சார், டீ சொல்லுங்க. எனக்குச் சர்க்கரை இல்லாம" என்றீர்கள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். பார்த்தவர்களுக்கு நான் உங்களை நடத்திக்கொண்டு போவது போலத்தான் இருந்திருக்கும்.

வராந்தாவில் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அணைத்துக்கொள்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் என் தோளிலிருந்து கையை எடுத்தீர்கள்.

"சரி. நாளைக்குக் காலையில அந்தக் கேட்டுல எவளாச்சும் வந்து நிப்பால்ல? அவளுக்கு என்ன பண்ணப் போறே?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"உள்ள வந்து அந்தப் பக்கத்தை வாசி. நீ மறைச்சதை நீதான் வாசிக்கணும். அப்புறம் நோட்டுல எழுதிட்டு வெளிய வந்துரு. மிச்சத்தை நாங்க பாத்துக்கிருவோம்."

வாசித்தேன். 'அது தவறு' என்ற இடத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்ததும் நோட்டில் 'எனக்குத் தொடர்பு உண்டு' என்று எழுதினேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "புள்ள தானா வந்து சொல்லுது சார். அதை நல்லாக் குறிச்சுக்கங்க" என்றீர்கள். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்னும் நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வெளியே செருப்புகள் கிடந்த இடத்தில் போய் நின்றேன். மறுபடியும் ஒரு சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிறோமே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது டீ கொண்டுவருகிற அண்ணன் வந்தார். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் நாற்காலி. "உள்ள இருக்க அக்கா குடுக்கச் சொன்னாக. நிக்கக் கூடாதாம்."

அந்த மையத்துக்கு நிதி கிடைத்தது. கூட்டம் முடிந்து வரும்போது என் உள்ளங்கையில் இந்தப் பொத்தானை வைத்து மூடினீர்கள். "ஏழுக்கு நாலுதான் வச்சேன். ரூமு கட்டுறாக, சரி. கேட்டுக்கு வெளிய நிழலு போடுறதைப் பத்தி ஒண்ணும் எழுதலை. நிதி குடுக்குற லெட்டர்ல ஒரு வரி சேக்கச் சொல்லியிருக்கேன். நிழலு போட்டாகன்னா இந்த அஞ்சாவதைக் குடுத்துரு."

"நானாக்கா?"

"பின்ன? ஒங்கம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போ."

நான் போகவில்லை. இரண்டு வருஷம் பொத்தான் பையிலேயே கிடந்தது. நடுவில் இவள் வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் உங்களுக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? கணவர் வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையை மோந்து பார்க்கிறேன், விட முடியவில்லை என்றேன்.

"அவுகதான் குடிக்கிறதில்லையே, என்னத்தை மோக்குறே? வேர்வையையா?"

"பயமா இருக்குக்கா. எங்கப்பா ரத்தம் பிள்ளைக்கும் வந்துருமோன்னு."

"வராது. வந்தா? அதுக்குத்தான நாம உக்காந்து பொத்தான் வச்சுக்கிட்டு இருக்கோம்."

வேறு யாராக இருந்தாலும் 'வராது' என்பதோடு நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் சொன்ன அந்த 'வந்தா'வைப் பிடித்துக்கொண்டுதான் மாதக்கணக்கில் தூங்கினேன்.

இன்று காலை பொத்தானைக் கழுவித் துடைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். எங்கே என்று சொன்னேன். அடுப்பை அணைத்தார். பிறகு புடவை மாற்றிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். கேட் அதேதான், பெயிண்ட் புதிது. அதற்கு வெளியே தகரக் கூரை, சிமெண்ட் பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய். பெஞ்சில் சின்னப் பிள்ளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "வெளிய ஏன் உக்காந்திருக்கீக? உள்ள வாங்கக்கா" என்று அவளைக் கூப்பிட்டார்கள்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். "காத்து வருது" என்றார். வெகுநேரம் கழித்து, "ஒங்கப்பாவுக்கு அன்னைக்கு மீன் கொழம்பு வச்சுக் கொண்டாந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதுவே முதல் தடவை.

நான் பொத்தானை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தேன். டக். "அஞ்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று திரும்பினால், அந்தப் பெண்ணின் பிள்ளை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை நோக்கி வருகிறது. இதுவும் வாயில் போட்டுக்கொண்டால்? பதறிப்போய்த் திரும்ப எடுத்துக்கொண்டேன். போட்ட மார்க்கை அடுத்த நிமிஷமே பிடுங்கியவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். பஸ்ஸில் வரும்போது நானே சிரித்தேன்.

இப்போது அதைத் துணிப்பையின் உட்பக்கம் இரட்டை நூல் போட்டுத் தைத்துவிட்டேன். இழுத்துப் பார்த்தேன்; வராது. அடுத்த வாரம் கூட்டம். இப்போது குழுவில் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் நான் சத்தமாகத்தான் வாசிக்கிறேன். ஏழு வரும்போது, நீங்கள் நாற்காலியில் முன்னால் நகர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிறுத்திவிட்டுத் தொடங்குகிறேன்.

இந்த வருஷம் வந்த கட்டுக்குள்ளும் அந்த மையத்தின் விண்ணப்பம் இருக்கிறது. பிரிக்கவில்லை. போனதும் முதல் வேலையாக நோட்டில் எழுதுவேன். அதன் முறை வரும்போது எழுந்து வெளியே போவேன். நாற்காலியை இந்த முறை நானே தூக்கிக்கொண்டு போகிறேன், அக்கா.