தஞ்சாவூரில் உன் பேரைச் சொன்னது யார்?

என் பாவாயிக்கு,

கேட்கிறதா புள்ள? சௌக்கியமாக இருக்கிறாயா? அங்கே குளிரா, வெயிலா? தண்ணீர் பக்கத்திலேயே கிடைக்கிறதா, நடக்க வேண்டுமா? இடுப்பு வலி போய்விட்டதா?

இப்படிக் கேட்டதும் உன் தம்பி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். "செத்தவங்களுக்கு ஏது மச்சா இடுப்பு?" என்கிறான். "சொன்னதை எழுதுடா" என்றேன். எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. நான் சொல்லச் சொல்ல அவன் அதைப் பள்ளிக்கூடத்துத் தமிழாக்கி எழுதுகிறான். உன் வருஷத் திதிக்கு வருகிற சனத்துக்கு இதை அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. படிக்கிறவர்கள் படிக்கட்டும். நான் பேசுவது உன்னோடுதான்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எருமை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன்னைப் போலவே பிடிவாதம், அடுத்தவர் கை பட்டால் பால் குடிக்காது. நம் பிள்ளை செல்லாயிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் வாசல் திறந்த வீடு மாதிரி இருக்கிறாள். சீமைச் சண்டை இன்னும் ஓயவில்லை. மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. நாம் தஞ்சாவூர் போனோமே, நாமகிரிப்பேட்டைச் செட்டியாரின் மோட்டார் வேன், அது இப்போது பெட்ரோலுக்கு வழியில்லாமல் முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு அதன் புகையில் ஓடுகிறது. மேடு வந்தால் ஏறினவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். "முன்னெல்லாம் வண்டி ஓட்டுனனுங்க, இப்போ சோறாக்கறனுங்க" என்கிறார் ஓமலூர் டிரைவர் ரங்கண்ணன்.

அந்த வேனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வருகிறது. உனக்கும் வருகிறதா?

செட்டியார் மஞ்சளைத் தஞ்சாவூர் மண்டிக்கு அனுப்பும்போது மூட்டைக்குத் துணையாக என்னைப் போகச் சொன்னார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நீ கதவுக்குப் பின்னால் நின்று, "நானும் வரட்டுங்களா?" என்றாய். வாக்கப்பட்டு வந்த நாள் முதல் என்னிடம் நீ கேட்ட முதல் காரியம் அதுதான். செல்லாயியை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, இருவரும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தோம்.

மஞ்சளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேகவைத்துக் காயவைத்து மெருகேற்றிய மஞ்சள், சாக்கில் அடைத்தாலும் சும்மா இருக்காது. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் சாக்கு மூச்சு விடும், பொடி பறக்கும். முசிறி தாண்டும்போது உன் புருவம் மஞ்சள். திருச்சி தாண்டும்போது கண் இமையெல்லாம் மஞ்சள். தஞ்சாவூர் மண்டியில் இறங்கினபோது அங்கே சுமை தூக்கும் ஒரு அம்மாள் உன்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏம்மா, மஞ்சத் தண்ணி ஊத்தின கையோட அழைச்சிக்கிட்டு வந்துட்டாரா?"

"அதெல்லாம் இல்லீங்க, மூட்டையோட மூட்டையா வந்தனுங்க" என்றாய் நீ. அந்த அம்மாள் உன் கையில் ஒரு கவளி வெற்றிலையைக் கொடுத்து, நல்லா இரு என்றாள். யார் பெற்றவளோ.

சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்னே மண்டிக்கு வந்துவிட வேண்டும் என்று ரங்கண்ணன் சொல்லியிருந்தார். பெரிய கோயிலுக்குப் போனோம். எல்லாரும் கோபுரத்தைத் தலை நிமிர்ந்து பார்க்க, நீ நந்தியின் முன்னால் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். "இத்தாச்சோட்டுப் பெரிய எருதுக்கு ஆருங்க சோளத் தட்டுப் போடறது? ஒரு காட்டுச் சோளமும் ஒரு வேளைக்குப் பத்தாதுங்களே!" பக்கத்தில் நின்ற ஐயர்கூடச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு, "சாமி நம்ம பக்கமும் இருக்குதுங்க. ராஜா ஊட்டைப் பாக்கோணும். ராஜா பொண்டாட்டி எங்க சோறாக்குனான்னு பாக்கோணும்" என்றாய்.

அரண்மனைக்குப் போகும்போது உச்சிவெயில். வாசலில் ஒரு காவல்காரர் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தார். "மேல வவ்வாலுதான் குடியிருக்கு. பாத்துட்டு வாங்க" என்று கையை ஆட்டினார். உள்ளே போனால் தூண், தூணுக்கு அப்பால் தூண். ஆள் இல்லை. கூரை எங்கே என்று தெரியாத உயரம். நம் இருவரின் காலடியும் நமக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வருவது போலக் கேட்டது. நீ சோறாக்கும் இடத்தைத் தேடி, ஓர் இருட்டுப் படிக்கட்டில் மேலே ஏறினாய். எனக்குத் தாகம். நான் வாசலுக்குத் திரும்பி, காவல்காரரின் பானையில் தண்ணீர் கேட்டேன்.

குவளையை வாயருகே கொண்டுபோனேன். மேலே இருந்து உன் குரல்.

"வாரனுங்க!"

தடதடவென்று இறங்கி ஓடி வந்தாய். முகமெல்லாம் ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

"நான் எங்க புள்ள கூப்பிட்டன்?"

"வெளையாடாதீங்க. நீங்கதானுங்க 'பாவாயி'ன்னு கூப்பிட்டீங்க."

"கூப்பிடல புள்ள."

சிரிப்பு அப்படியே நின்றது. காவல்காரர் எழுந்து உட்கார்ந்தார். "இங்க யார் பேசினாலும் சுவரு திருப்பிச் சொல்லும்மா, பயப்படாத" என்றார். நல்ல மனுஷர். ஆனால் நான் பேசியது தண்ணீர் கேட்டுத்தானே? தண்ணி என்று கேட்டால் சுவர் பாவாயி என்றா திருப்பிச் சொல்லும்?

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். எங்கள் பக்கம் உச்சிவேளையிலும் அந்தி நேரத்திலும் ஆள் முகம் தெரியாமல் பேர் கேட்டால் பதில் கொடுக்க மாட்டோம். மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும். பதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடும். இதில் உன்னைப் போலக் கறாரானவள் ஊரில் கிடையாது. மோர் வாங்க வந்தவள், விறகு கொண்டுவந்தவன், மணியக்காரர், எல்லாரும் வாசலில் நின்று மூன்று தடவை கத்த வேண்டும். "பாவாயி ஊட்டுல மோர் வாங்கறதுக்குள்ள அது தயிராப் போயிருமாட்ட இருக்குது" என்று பேச்சே உண்டு. அப்பேர்ப்பட்ட நீ, முன்பின் தெரியாத ஊரில், உச்சிவேளையில், பாழடைந்த அரண்மனையில், முதல் கூப்பாட்டுக்கே பதில் சொன்னாய்.

திரும்பும்போது வேன் காலி. சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தோம். காவிரிக் காற்று. நான் கேட்டேன், "ஏம் புள்ள, மூணு தடவை பொறுத்திருக்கக் கூடாதா?"

நீ சாக்கில் ஒட்டியிருந்த மஞ்சள் பொடியைத் தட்டினாய். பிறகு, "உங்க கொரலுங்க. நீங்க ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்களே. அத்தனை ஆசையாக் கூப்பிட்டப்போ, எண்ணிக்கிட்டு நிக்கத் தோணலீங்க" என்றாய்.

நம் ஊரில் எந்த ஆண்பிள்ளை பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்? ஏ புள்ள, இந்தா புள்ள, அவ்வளவுதான். நீயும் என்னை ஏனுங்க என்பாய், ஊருக்குச் சொல்லும்போது, பிள்ளைக்கு அப்பன் என்று, செல்லாயி ஐயன் என்பாய். அன்றைக்கு வேனில் வைத்துக் கூப்பிட்டிருக்கலாம். டிரைவர் இருக்கிறாரே என்று பேசாமல் இருந்தேன். இந்தக் கடுதாசியின் தலையில் உன் பேரைத்தான் முதலில் எழுதச் சொன்னேன்.

அடுத்த வருஷம் மஞ்சள் வெட்டும் முன்னே காய்ச்சல் வந்து போய்விட்டாய். வைத்தியர் விஷக்காய்ச்சல் என்றார். என் அக்கா, "அவ அன்னைக்கே போயிட்டாடா. தஞ்சாவூர்ல இருந்து ஒடம்புதான் வேன்ல வந்துச்சு" என்றாள். நான் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. அந்த ஒரு வருஷம் என் சோற்றுக்கு உப்புப் போட்டது யார், உடம்பா?

இப்போது நான் உன்னிடம் பேச வந்த காரியத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளாக, அந்தியில் விளக்கு வைக்கும்போது, செல்லாயி விளையாட்டை விட்டுவிட்டு எழுந்து கொல்லைப்புறம் பொடக்காளிப் பக்கம் பார்த்து, "வாரேம்மா" என்கிறாள். வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் காடு. அங்கே ஒருவரும் இல்லை. என் அக்கா இதைப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். அன்றே போய்ப் பூசாரியைப் பார்த்துவிட்டாள். வருகிற அமாவாசைக்கு அவர் வருவாராம். உன் கூந்தல் முடியைச் சுற்றிப் புளியமரத்தில் ஆணி அடித்துவிட்டால் அப்புறம் நீ இந்த வீட்டுப் பக்கமே வர முடியாதாம்.

நான் என்ன செய்வேன், சொல்? பிள்ளையும் எனக்கு வேண்டும். நீ ஒரு நிழலாக வந்து போனாலும் எனக்கு வேண்டும். நீ சீவிய சீப்பில் சிக்கிய முடியை அக்கா தேடி எடுத்து முடிந்து வைத்திருந்தாள். முந்தாநாள் செல்லாயியை மடியில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"அம்மா உன்னை என்னன்னு கூப்பிடறாங்க சாமி?"

"என்னையக் கூப்பிடலீங்கய்யா."

"பின்ன?"

"உங்களைத்தானுங்க. 'ஏனுங்க'ன்னு கூப்பிடறாங்க. நீங்க கம்முனு உக்காந்திருக்கீங்க. அம்மா பாவமில்லீங்களா? அதான் நான் சொன்னனுங்க."

பிள்ளையை இறுகக் கட்டிக்கொண்டேன். பயத்தால் இல்லை பாவாயி. எனக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தினம் கேட்டது. காற்று என்று நினைத்தேன். மூன்றாவது கூப்பாடு வரட்டும் என்று காத்திருந்தேன். நீ ஒன்றுக்கு மேல் கூப்பிடவில்லை. நான் சொல்லாமல் விட்ட பதிலை என் பிள்ளை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அக்காவிடம் போய் முடியைத் திருப்பிக் கேட்டேன். பூசாரி வேண்டாம் என்றேன்.

"பொண்டாட்டி பேயா வந்தாலும் உடமாட்டயாடா நீயி?"

"அது பேயில்லக்கா. செல்லாயி அம்மா."

அக்கா முடியைத் திண்டில் வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் உன் மேல் பிரியம்தான்.

செல்லாயியிடமும் சொல்லிவிட்டேன். இனி அந்தக் குரலுக்கு நீ பதில் பேசாதே சாமி, அது ஐயாவுக்கு வந்த கூப்பாடு, ஐயா பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். வா. பொடக்காளியில் நில்லு. மஞ்சள் காட்டில் நட. ஆனால் பிள்ளை காதில் விழும்படி மட்டும் கூப்பிடாதே. தஞ்சாவூரில் உன்னைக் கூப்பிட்டது யார் என்று நான் உன்னை வந்து கேட்க வேண்டும். வராமல் இருக்க மாட்டேன். இவளுக்குத் தலை பின்னிவிட ஆளில்லை, சோறு ஊட்ட ஆளில்லை, அதனால்தான் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இவளை ஒரு நல்ல இடத்தில் கொடுத்து, இவள் மடியில் ஒரு பிள்ளையைப் பார்த்துவிடுகிறேன். அதற்குப் பிறகு நீ ஒரே ஒரு தடவை ஏனுங்க என்று சொன்னால் போதும், எண்ண மாட்டேன், சத்தியமாக எண்ண மாட்டேன், போட்டது போட்டபடி எழுந்து உன்

இரு புள்ள. செல்லாயி கூப்பிடுகிறாள், எருமைக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டதாம். ஒரு தடவைதான் கூப்பிட்டாள். இந்தா வாரேன் சாமி, வந்துட்டேன்,

உன்
செல்லாயி ஐயன்