லாரி நிற்கும் இடம்

துபாய், 1976

ஐசும்மாவுக்கு ஸலாம்.

கடைவீதியை விட்டுவிட்டுத் துறைமுக வாசலில் டீக்கடை போட்டிருக்கிறேன். "மணல்காட்டுல எவன் டீ குடிப்பான்? பேசாம ஊருக்கு வரச் சொல்லு" என்று உன் அத்தா சிரித்தாராம். சிரிக்கட்டும். வாளையாரில் அவர் டீ விற்றது யாருக்கு? செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்த லாரிக்காரர்களுக்குத்தானே! இங்கேயும் லாரிகள் காத்துக் கிடக்கின்றன.

போர்டில் அரபி முதலாளியின் பெயர்தான் இருக்கிறது. இந்த ஊர்ச் சட்டம் அப்படி. அடுப்பு என்னுடையது.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. வலக்கையில் வெந்நீர் கொட்டிவிட்டது, ஆறிவிடும். கடையை ஒருநாளும் மூடவில்லை.

எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தாய். நான் வரமாட்டேன். நீ வா. அத்தாவிடம் சொல்லிவிட்டு வா, கேட்டுக்கொண்டு நிற்காதே.

உன் மச்சான்