வஞ்சிரத்தைக் காலி செய்த நாள்

இன்று காலை வஞ்சிரத்தை நிறுத்திவிட்டேன். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசியில் பச்சை விளக்கும் அணைந்தது. சர்வர் அறையில் மற்ற கணினிகளின் இரைச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனால் வஞ்சிரம் இருந்த அடுக்கின் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த வெதுவெதுப்பான காற்று நின்றதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ குளிருக்குப் பயந்தவள். அந்த அறையில் வேலை என்றால் முதலில் வஞ்சிரத்தின் முதுகுப் பக்கம் போய் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பாய். "எங்கம்மா அடுப்பாண்ட நிக்கிற மாதிரியே கீதுடி" என்பாய்.

பெயர் வைத்தவளும் நீதான். பாண்டி பஜாரில் புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு நாம் இருவரும் வந்து சேர்ந்தபோது, அந்தப் பெரிய கணினிகளுக்கு வெறும் எண்கள்தான் பெயர். எது எதுவென்று ஒருவருக்கும் நினைவிருக்காது. நீ பெரிய கணினிகளுக்கெல்லாம் பெரிய மீன்களின் பெயரை வைத்தாய்: வஞ்சிரம், கொடுவா, சுறா. அவற்றுக்குள்ளே நாம் மென்பொருளால் உண்டாக்கி வைத்திருந்த மெய்நிகர் கணினிகளுக்குச் சின்ன மீன்கள்: நெத்திலி, சங்கரா, காரப்பொடி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் வீட்டில் பிறந்த உனக்கு அது இயல்பாக வந்தது. வெங்காயத்தையே நாள் பார்த்து வாங்கும் மயிலாப்பூர் வீட்டில் பிறந்த நான்தான் திண்டாடினேன்.

எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "சங்கராவை எடுத்துக் கொடுவால போட்டாச்சு, நெத்திலி இன்னும் உயிரோடதான் இருக்கு" என்று நான் சொல்ல, அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். "ஏண்டி, கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிண்டு ஆத்துல உக்காண்டு மீன் வியாபாரமா பண்றே?" நீ அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு அம்மாவுக்கே கேட்டது.

ஊர் திறந்ததும் நீ நேரில் வந்து அம்மாவுக்கு விளக்கம் சொன்னாய். வஞ்சிரம் ஒரு பெரிய கட்டடம், அதில் நெத்திலியும் சங்கராவும் தனித்தனி ஃபிளாட், ஒருவர் வீட்டில் தண்ணீர் நின்றால் மற்றவருக்குத் தெரியாது என்றாய். "புதுசா கன்டெய்னர்னு ஒண்ணு வந்துகீது மாமி. அது ஒண்டுக்குடித்தனம். ஆளுக்கு ஒரு ரூம்பு, குழாயும் கக்கூஸும் பொது." அம்மா ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள். "அப்போ குழாயடிச் சண்டை வருமே" என்றாள் உடனே. "அதைத் தீக்கத்தான் எங்க ரெண்டு பேருக்கும் சம்பளம்" என்றாய். அன்றிலிருந்து அம்மாவுக்கு உன்னைப் பிடித்துப்போய்விட்டது. நம் வேலையையும் அவள் என்னைவிட நன்றாகவே எதிர்வீட்டு மாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கன்டெய்னர்களுக்கு மட்டும் நீ பெயர் வைக்க மாட்டாய். ஒன்று விழுந்தால் அடுத்த நொடி வேறொரு கணினியில் இன்னொன்று தானாக எழுந்துகொள்ளும். அதற்குப் போய் எதற்குப் பெயர் என்பாய். "பேரு வெச்சா அழணும்டி."

பழுது பார்க்க ஒரு பெரிய கணினியை நிறுத்த வேண்டுமென்றால் உனக்கென்று ஒரு முறை இருந்தது. அதற்கு நாம் வைத்த பெயர் 'காலி பண்றது'. முதலில் இனிமேல் புது வேலை எதையும் ஏற்காதே என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். பிறகு உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேறு கணினிக்கு மாற்ற வேண்டும். நம் கணினிகளை நம்பிக் கடைகளில் பில் போட்டுக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் போன பிறகும் நீ உடனே நிறுத்த மாட்டாய். கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து, "யார்னா உள்ள மாட்டிகினு கீறாங்களா பாரு" என்று இன்னொரு முறை பார்க்கச் சொல்வாய். எனக்குப் பொறுமை இருக்காது. உன்னோடு பல்லைக் கடித்துக்கொண்டு டீ குடிப்பேன்.

அப்படித்தான் ஒருமுறை கொடுவாவுக்கு மின்சாரப் பெட்டி மாற்ற வேண்டியிருந்தது. எல்லாம் நகர்ந்துவிட்டன, ஒன்று மட்டும் நகரவில்லை. கணக்குப் பிரிவின் பழைய மென்பொருள் ஓடிய மெய்நிகர் கணினி அது. அந்த மென்பொருளுக்கு உரிமம் தரும் சின்னச் சாவி ஒன்று கொடுவாவின் முதுகில் செருகியிருந்தது. சாவி இங்கே இருக்கும்வரை அது வேறெங்கும் போகாது. நான் ஆத்திரத்தில், வலுக்கட்டாயமாக நிறுத்தித் தூக்கிவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. "அது வரலன்னா வுட்டுடு. அது அங்கியே இருக்கட்டும். நாம அதைச் சுத்தி வேல பாக்கலாம்." கொடுவாவுக்கு இரண்டு மின்சாரப் பெட்டிகள். ஒன்றில் அது ஓடிக்கொண்டிருக்க, மற்றதை மெதுவாக உருவி எடுத்துப் புதியதைச் செருகினாய். குழந்தை தூங்கும்போது தலையணையை மாற்றுகிறவளைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாய்.

அதற்குப் பிறகு என் அம்மா போய்விட்டாள். நீ தினமும் வந்தாய். காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகும் வந்தாய். அந்த வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்று நான் சொன்னதை நீ நம்பவே இல்லை.

அடுத்த வருடம் உன்னிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. புது வாடிக்கையாளர் வந்தபோது, "வேற யாருக்குனா குடுங்க" என்றாய். பிறகு தரவுகளைத் தினமும் நகலெடுத்து வைக்கும் வேலையை ஒருவரிடம் விட்டாய். கடவுச்சொற்களை என்னிடம் தந்தாய். உன் அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது என்னையும் கூட வரச் சொன்னாய். அடுத்த முறை, "நீயே கூட்டினு போயேன், எனக்கு வேல கீது" என்றாய். பதவி உயர்வு வரப்போகிறது, அதுதான் எல்லாவற்றையும் கைமாற்றுகிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது அதைச் சொல்லிக் கேலியும் செய்தேன்.

நீ பழக்கடை ஓரமாக நின்றாய். "காலி பண்ணிகினு கீறேன்டி" என்றாய்.

"எதை?"

உன் நெஞ்சில் கையை வைத்து உன்னையே காட்டினாய். வயிற்றில் கட்டி என்றும், தாமதமாகத்தான் தெரிந்தது என்றும், டாக்டர் வார்த்தைகளை அளந்து பேசுகிறார் என்றும் அந்தக் கூட்டத்தின் நடுவே வைத்துச் சொன்னாய். நம் இருவரையும் இடித்துக்கொண்டு ஜனங்கள் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். என் கையிலிருந்த பையை நீதான் வாங்கிக்கொண்டாய்.

அதன் பிறகு உனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. உன் அண்ணன் ஆதம்பாக்கத்தில் இருக்கிறார். உனக்குப் பிறகு அம்மா அங்கே போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். அண்ணன் அறையைக்கூடத் தயார் செய்துவிட்டார். உன் அம்மா அசையவில்லை. "இங்க எனுக்குக் கடல் கீது, கடை கீது. அங்க இன்னா கீது, செவுரு" என்று சொல்லிவிட்டார். மருத்துவமனைக் கட்டிலில் நீ அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "எல்லாத்தையும் மாத்திட்டேன்டி. எங்கம்மா மட்டும் வரமாட்டேங்குது."

எனக்கு வேறு என்ன தெரியும்? நீ சொன்னதைத்தான் உனக்குத் திருப்பிச் சொன்னேன். "வரலேன்னா விட்டுடு. சுத்தி வேலை பாத்துக்கலாம்." நீ என்னை வெகுநேரம் பார்த்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பாக்கலாம்" என்றாய். அந்தப் பார்வையை நன்றி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நீ போன பிறகு சொன்னபடியே நடந்துகொண்டோம். மருந்து அண்ணன் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் காலையில் ஐஸ் பெட்டி தூக்கிக் கொடுக்கிறார்கள். தினமும் மாலை போன் செய்வதும் சனிக்கிழமை நேரில் போய் உட்காருவதும் என் பங்கு. போனில் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால் உன் அம்மா பதிலே சொல்ல மாட்டார். இன்னா சாப்ட்ட, மழையில நனைஞ்சியா, குரல் ஏன் ஒரு மாதிரி கீது என்று அவர்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். வயதானவர்கள் பேச்சை மாற்றுவதுபோல இது என்று நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை வெயில் தாங்கவில்லை. கடையில் அவருக்குத் தலை சுற்றுவதைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. "ஆதம்பாக்கத்துக்கே போயிடலாமேம்மா, நான் அங்கேயும் வந்து பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நீ என்னப் பாத்துக்கினு கீறேன்னு நெனச்சிகினு கீறியா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "ஆஸ்பத்திரில இருந்து ஒரு நாளு வூட்டுக்கு அனுப்பினாங்க இல்ல, அன்னிக்கி எங்கிட்ட சத்தியம் வாங்கினா. அவளுக்கு அம்மா இல்லம்மா, பேசக்கூட ஆளு இல்ல, நீ பாத்துக்கோன்னா. ஒத்துக்கினேன். நான் ஆதம்பாக்கம் போயிட்டா நீ மயிலாப்பூர்லேர்ந்து சனிக்கெழம எங்க வந்து உக்காருவ?"

கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். அடுப்பு மேடையில் மற்ற பாத்திரங்களிலிருந்து தள்ளி, துணி போட்டு மூடி, ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம் இருந்தது. "ஒரு தபா கூட இதுல மீனு ஆக்கல. அன்னிக்கே அவ போய் வாங்கினு வந்து வெச்சா, இது உன்னுதுன்னு." அதில் எனக்காக முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். நீ இருந்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பாய். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

உன் அம்மா எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ இருந்த இடத்தில் உன்னைப்போலவே ஒருத்தி இருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியதா, தெரியாது. எனக்குத் தோன்றியது இதுதான்: அவ்வளவு வலியிலும் கடைவீதிக்குப் போய், எனக்கென்று ஒரு பாத்திரம் தேடி வாங்கியிருக்கிறாய்.