உன் வெளியாள் எழுதுவது

உன் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வருவது வாசனைதான். விபூதியும் கற்பூரப் புகையும் ஊறிப்போன தூசி சூடேறுகிற வாசனை. திண்டிவனம் வீட்டில் சாமி படங்களுக்கு நேர் கீழே இதை வைத்திருந்தாய் அல்லவா, எத்தனை வருட ஊதுவத்திச் சாம்பலைத் தின்றதோ தெரியவில்லை. இப்போது விழுப்புரத்தில், என் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உன் வீட்டு வாசனையை ஊதுகிறது. "இன்னாங்க, யாரு சாம்பிராணி போட்டது?" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்கிறாள்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மஸ்கட்டுக்குத் திரும்பிப் போகிற வாரத்தில், செல்விதான் இதைப் போர்வையில் கட்டி பஸ்ஸில் எடுத்து வந்தாள். மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள்: "அண்ணா, இதுல எங்க வூடு இருக்குது. அங்க போயிட்டா எனக்கு இதுக்குள்ள வர வழி இல்ல. எப்படியாவது தொறந்து குடுங்க. ஒரு வாட்டி பாத்துட்டா போதும்." உன் பெண்டாட்டி என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டேன். அன்று பிடித்தது எனக்குச் சனி.

அவள் மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போன புதிதில் நீங்கள் இருவரும் தினமும் வீடியோவில் பேசுவீர்கள். பேச்சு தீர்ந்ததும் சண்டை. "பேசினா சண்ட வருதுடா. கூட சேந்து எதுனா வேல செஞ்சா வராது" என்று நீயே ஒருநாள் கண்டுபிடித்தாய். அப்படித்தான் கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டுகிற அந்த விளையாட்டைப் பிடித்தாய். அந்த உலகத்தை உன் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு, அவளை மஸ்கட்டிலிருந்து அதற்குள் வரவைக்கப் பார்த்தாய். வீட்டு ரவுட்டரோ வெளியிலிருந்து வருகிற யாரையும் உள்ளே விடாது. இந்த எண்ணுள்ள கதவைத் தட்டுகிறவர்களை இந்தக் கம்ப்யூட்டரிடம் அனுப்பு என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் என்பாய். சொல்லிவைப்பதற்குள் நீ பட்ட பாடு இருக்கிறதே! எலெக்ட்ரிக் கடையில் விசிறி விற்கிறவனுக்கு இது தேவையா என்று நான் கேட்காத நாள் இல்லை.

ஒவ்வொன்றையும் மாற்றியதும் எனக்குப் போன் வரும். "டேய், இப்ப தட்டுடா." நான் இங்கே என் கம்ப்யூட்டரில் உன் முகவரியைப் போட்டுப் பார்ப்பேன்.

"தொறக்கல."

"இப்ப?"

"தொறக்கலடா, ஆள வுடு. வேலைக்குப் போவணும்."

"பேஜாரு புடிச்ச ரவுட்டரு. இரு, ஜல்தியா முடிச்சிடறேன்."

அதையெல்லாம் நீயே பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று எரிந்து விழுந்தால், "நீதான்டா என் வெளியாளு" என்று சிரிப்பாய். அது என் பட்டப் பெயராகவே போய்விட்டது. மயிலத்தில் உன் மச்சினன் கல்யாணத்தில்கூட, "இவன்தான் நம்ம வெளியாளு" என்று எல்லாரிடமும் சொன்னாய். அவர்கள் ஒன்றும் புரியாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

உன்னை எடுக்கிற அன்று உன் பெரியப்பா கூட்டத்தைப் பார்த்து, "வெளியாளுங்கல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, சொந்தக்காரங்க வாய்க்கரிசி போடட்டும்" என்றார். அவர் மேல் தப்பில்லை, முறையைச் சொன்னார். நான் தள்ளிப் போய்ப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்ததுடா. அந்த நேரத்தில் சிரித்தால் அடிப்பார்கள் என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்தார்கள். பிறகு அதுவும் நடந்தது.

சரி, கதவுக்கு வருகிறேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஷிஃப்ட் முழுக்க லேனில் நின்று, லாரி ஹாரனைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவன், வந்த கையோடு ரவுட்டர் முன்னால் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் சொல். நீ செய்ததை நினைவில் வைத்து எல்லாம் எழுதிப் போட்டேன். திறக்கவில்லை. பார்த்தால், கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் வீட்டுக்குள் இருக்கிற சாமான்களுக்கெல்லாம் எண்ணை மாற்றிக் கொடுத்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு என்று நான் குறித்த எண் டிவிக்குப் போய்விட்டது. வருகிறவர்களையெல்லாம் டிவியிடம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு மாறாத எண் ஒன்றைக் கட்டிப்போட்டேன். அப்போதும் இல்லை. இன்டர்நெட் கொடுக்கிற கேபிள்காரரைக் கூப்பிட்டேன். "உங்க தெருவுக்கே ஒரே அட்ரஸ்தாங்க சார். வெளிய இருந்து யாரு வந்தாலும் எந்த வூடுன்னு தெரியாம திரும்பிடுவாங்க. தனி அட்ரஸ் வேணும்னா போட்டுத் தர்றேன்" என்றார். போட்டும் தந்தார். மகராசனாக இருக்கட்டும். அன்றும் திறக்கவில்லை.

அலுத்துவிட்டது. உன்மேல் கோபம் கோபமாக வந்தது. நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறிப் போனவன், இதை எப்படித் திறப்பது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? மகாராசா, உனக்கென்ன, போய்விட்டாய். செல்வி ஒரு நாளும் "ஆச்சா?" என்று கேட்கவில்லை. "சாப்ட்டீங்களா அண்ணா" என்று மட்டும் மெசேஜ் வரும். அதுதான் என்னைக் கொன்றது.

அவளுக்கு லீவான ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே போன் செய்தேன். "என்னால முடியலம்மா. எல்லாம் செஞ்சி பாத்துட்டேன். தட்டித் தட்டிப் பாக்கறேன், தொறக்கவே இல்ல."

அவள் கேட்டாள்: "எங்கருந்து தட்டறீங்கண்ணா?"

"வூட்லருந்துதான். வேற எங்க போய்த் தட்டறது?"

"அதே வூட்லருந்தா? உள்ள இருக்கறவங்க தட்டினா ரவுட்டரு திரும்பியே பாக்காதுண்ணா. அதுக்குத்தான் அவரு எப்பவும் உங்கள கூப்டுவாரு."

இத்தனை வருடம் நீ என்னைக் கேலி செய்கிறாய் என்றுதானே நினைத்திருந்தேன்! உன் கம்ப்யூட்டர் இங்கே வந்த அன்றே நான் உள்ளாள் ஆகிவிட்டிருக்கிறேன். எனக்கு அது உறைக்கவே இல்லை. வெளியே இருந்தது அவள் ஒருத்திதான். சரியானதும் சொல்கிறேன் என்று அவளையும் நிறுத்தி வைத்திருந்தேன்.

"நான் ஒரு வாட்டி தட்டிப் பாக்கட்டுங்களா?" என்றாள். புது முகவரியைச் சொன்னேன். திரையில் ஒரு வரி வந்தது. செல்வி உள்ளே வந்துவிட்டாள் என்றது. கதவு எப்போது திறந்ததோ, யாருக்குத் தெரியும்.

நானும் உள்ளே போனேன். உன் கம்ப்யூட்டரிலிருந்தே போனால் கதவைத் தட்டத் தேவையில்லை; அப்படிச் சோதித்துப் பார்த்த நாட்களில் ஊர் எல்லையோடு திரும்பிவிடுவேன். உங்கள் வீட்டுப் பக்கம் போக எனக்கு மனம் வந்ததில்லை. அவள்தான் கூட்டிப் போனாள். அடுப்படி, மாடிப்படி, நீ கோணலாக வைத்த ஜன்னல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பின்பக்கம் போனதும் நின்றுவிட்டாள். அங்கே ஒரு கொல்லை. விளையாட்டில் அது கோதுமை, நீங்கள் கேப்பை என்று சொல்வீர்களாம். அரை வளர்த்தியில் பச்சையாக நின்றது.

"அவரு கடைசியா போட்ட வெதண்ணா" என்றாள். "யாருனா பக்கத்துல இருந்தாத்தான் இது வளரும். ஆள் இல்லன்னா அப்படியே நின்னுடும்."

அப்புறம் அழுதாள். நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டேன். அவளை டூட்டிக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது, "நீங்க கொஞ்சம் நின்னுக்கினு இருங்கண்ணா" என்றாள்.

நாளெல்லாம் நிற்பதுதான் எனக்குப் பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் நின்றேன். ஒன்றும் செய்யவில்லை, உன் கொல்லை ஓரத்தில் சும்மா நின்றேன். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்து, திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பச்சை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுத்து மஞ்சளானது. நீ போட்ட விதைடா. நீ இல்லாமலே முற்றிவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்து அறுத்தாள். ஒரு வாட்டி பார்த்தால் போதும் என்றவள், அதே மண்ணில் மறுபடியும் தூவினாள். தூவி முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"டைம் ஆயிடுச்சிண்ணா, நான் போறேன். நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன்மா" என்றேன்.