நிலுவையில் ஒரு சிக்னல்

மார்ச் 3
சி மொழியில் நான் எழுதிய சர்வர் புரோகிராம் இன்றும் செத்தது. நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்தால், கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு அடங்க வேண்டும். பட்டென்று விழுகிறது. உள்ளே ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகள், த்ரெட்கள், ஆளுக்கொரு வேலையாக. சிக்னலுக்காகவே ஒன்றைக் காத்திருக்க வைத்திருக்கிறேன். அதற்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், அக்கா கூப்பிட்டாளா என்று.
"கூப்பிட்டா சொல்ல மாட்டேனாடி?"

மார்ச் 5
அப்பாவோடு சண்டை போட்டுப் போனவள், எண்கூடத் தரவில்லை. அதற்குப் பிறகு என் கைபேசி எண்ணும் மாறிவிட்டது. மிச்சம், கூடத்துத் தொலைபேசி. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அப்புறம் ஏன் கூப்பிடவில்லை?

மார்ச் 6
இன்றும் அழைப்பு இல்லை.

மார்ச் 10
டீம் லீட் நாற்காலியை இழுத்துப் போட்டு என் திரையைப் படித்தார்.
"மகராசி, ஒருத்தனை வாசல்ல உக்கார வச்சுட்டு மத்த கதவையெல்லாம் திறந்து போட்டிருக்கியே. சிக்னல் எவன் கைல வேணா விழும். காத்திருக்கறவனைத் தேடிப் போகணும்னு அதுக்கென்ன வேண்டுதலா?"

காத்திருக்கும் த்ரெட்டில் மட்டும் சிக்னலைத் தடுத்திருந்தேன்; தடுக்காத எதன் கையில் விழுந்தாலும் மொத்தப் புரோகிராமும் சாகும். மற்றவை பிறப்பதற்கு முன்பே தடுத்திருந்தால், எல்லாம் அந்தத் தடையோடு பிறந்திருக்கும். சிக்னல் தொலையாது, கேட்பவன் கேட்கும்வரை நிலுவையில் நிற்கும். பத்து முறை அனுப்பினாலும் நிற்பது ஒன்றுதான்.

தடுக்கும் அந்த வரியை, த்ரெட்கள் பிறக்கும் இடத்துக்கு மேலே ஏற்றினேன். புரோகிராம் பதவிசாக அடங்கியது.

பேருந்தில் திடீரென்று — நான் இல்லாதபோது வீட்டில் போனை எடுப்பது யார்?

மார்ச் 11
அப்பா. பகலெல்லாம் கூடத்தில் அவர்தான். கேட்டேன். பேப்பரை இறக்கவில்லை.
"ராங் நம்பர்தான் வருது."
"எத்தனை ராங் நம்பர்ப்பா?"
பக்கத்தைத் திருப்பினார். நான் கத்தவில்லை. "இனிமே யாரும் எடுக்காதீங்க. அடிக்கட்டும். நான் இருக்கறப்போ எடுத்துக்கறேன்." அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

மார்ச் 15
விடுமுறை. போனுக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டேன். அடிக்கவில்லை. எத்தனை முறை ராங் நம்பர் என்று கேட்டால் ஒருத்தி விட்டுவிடுவாள்?

மார்ச் 22
மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே மணி. நிற்காமல் அடித்தது. ஈரக் கையோடு இறங்கி ஓடினேன்.

அப்பா போனுக்கு எதிரே நின்றிருந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. தொடவில்லை.

"சீக்கிரம் எடும்மா" என்றார். "வச்சுடப் போறா."