துவைக்காத சட்டை

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

பொட்டுக்காரி இன்றும் தீனியில் வாய் வைக்கவில்லை. ஒரு கைப்பிடி புல், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். உடம்பில் நோய் எதுவும் இல்லை, ஆளைத் தேடுகிறாள் என்று காலையில் வந்த குதிரை டாக்டர் சொன்னார். அண்ணன் அவள் கண்ணெதிரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாளிலிருந்து இப்படித்தான். நான் வாளியோடு போனால் சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறாள்.

அண்ணன் லீவில் போகும்போது போட்டிருந்த சட்டையைக் கழற்றித் தீனித்தொட்டிக் கம்பியில் கட்டிவிட்டுப் போவார். அது இருந்தால் தின்பாள். அவர் சட்டை ஒன்றைத் தீவன லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்ப முடியுமா?

லாயத்துத் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

நீலக் கட்டம் போட்டதை அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் தங்காமல் ஓடுவார். "போங்க, உங்க சின்ன வீடு காத்துக்கிட்டிருக்கும்" என்பேன். "அவ கேள்வி கேக்க மாட்டா" என்பார். சக்களத்திக்குப் பார்சல் கட்டிய முதல் பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

நாலு பேர் முன்னால் பிரிப்பீர்களே என்று நன்றாகத் துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறேன்.

அண்ணி

மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

முகர்ந்தாள், தும்மினாள், திரும்பிக்கொண்டாள். சோப்பு வாசம். துவைக்காதது வேண்டும் என்று நான் எழுதியிருக்க வேண்டும். லாயத்தில் அது சொல்லாமலே தெரிகிற விஷயம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

விலா எலும்பு தெரிகிறது. முதலாளி டாக்டரிடம், "ஊசி போட்டு அனுப்பிரலாமா?" என்று கேட்டார். டாக்டர் அடுத்த வெள்ளி வரை தவணை வாங்கியிருக்கிறார். துவைக்காதது ஏதாவது இருக்கிறதா அண்ணி?

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

ஒன்றே ஒன்று இருந்தது. அன்றைக்குக் காலையில் கழற்றிக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போனது. தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறேன். பாதி அனுப்பலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். கை வரவில்லை. முழுதாகவே அனுப்புகிறேன். பையின் வாயை இறுக்கிக் கட்டியிருக்கிறேன், வழியில் யாரும் பிரிக்க வேண்டாம். அவள் தேறியதும் திருப்பிக் கொடுத்துவிடு.

அண்ணி

மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

கட்டிய உடனே வந்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்று அரை வாளி தின்றாள். நாளையும் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று பேனாவை மூடினேன். மறுநாள் கால் வாளி. இன்று ஒன்றுமில்லை. சட்டையைக் கடித்து இழுத்துக் கீழே போட்டு அதன்மேல் படுத்திருக்கிறாள். எழுப்பினால் எழவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வெள்ளி காலை வருவார்.

சட்டையில் இப்போது அவள் வாடைதான், எச்சிலும் சாணமும். துவைத்து அனுப்பட்டுமா அண்ணி?

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

துவைக்காதே. கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டுக்கு வந்ததெல்லாம் அந்த வாடையோடுதான். அதில் எது அவருடையது, எது அவளுடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது.

நாளைக் காலையில் நீ பக்கத்தில் நில். எல்லாம் முடிகிறவரை சட்டையை உருவாதே, அவளிடமே இருக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் டிரைவர் சனிக்கிழமை மறுபடி இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னார். வாசலில் இருப்பேன்.

அண்ணி